தெரியாமல் எழுந்த கை

கலாராணி பிரதேச சபைக்குப் போன முதல் மாதத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்ஸார் கை தூக்கப் போகிறார் என்பது அவருடைய கையில் தெரியாது, முழங்கையில்தான் தெரியும்.

அன்ஸார் சபையில் அவளுடைய கட்சிக்குத் தலைவர். டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். அவருக்குப் பக்கத்து நாற்காலிதான் அவளுக்கு. அவர் மேசையில் வலது முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் உட்காருவார். கை தூக்குவதற்குச் சற்று முன்னால் அந்த முழங்கை மேசையை விட்டு ஒரு நூல் அளவு எழும்பும். அதைப் பார்த்த உடனே இவளும் தயாரானால் இரண்டு கைகளும் ஒன்றாக மேலே போகும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வந்த மாதிரி இருக்கும். கையைப் பார்த்துத் தூக்கினால் பிந்திவிடும், பிந்தினால் பார்த்துத்தான் தூக்கினாள் என்பது வெளியில் தெரிந்துவிடும். முழங்கையைப் பார்த்துத் தூக்கினால் எதுவும் தெரியாது.

அவள் இந்த வித்தையைக் கற்க வேண்டி வந்தது எப்படி என்று விளங்க, அவள் சபைக்கு வந்த வழி தெரிய வேண்டும். உள்ளூராட்சி சபைக்கு ஆட்கள் இரண்டு வழியில் வருகிறார்கள். ஒன்று, வட்டாரத்தில் நின்று வெல்வது. மற்றது, கட்சி வாங்கிய மொத்த வாக்குக்கு ஏற்றபடி, மேலதிகப் பட்டியலில் உள்ளவர்களில் இருந்து கட்சி ஆள் எடுத்து நியமிப்பது. இதற்கு மேல், சபையில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வெல்லக்கூடிய வட்டாரங்களை எல்லாம் ஆண்களுக்குக் கொடுத்துவிட்ட கட்சி, பெண் கணக்கைப் பட்டியலில்தான் நிரப்ப முடியும். அப்படி நிரப்பத் தேடியபோதுதான், கல்லுமலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த கலாராணியின் பெயர் அகப்பட்டது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த முகம், யாரோடும் சண்டை இல்லை.

"பேர மட்டும் குடுங்க தங்கச்சி. வேற ஒண்ணும் செய்யத் தேவல்ல," என்று சொல்லித்தான் அன்ஸார் பெயரை வாங்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். வேறு ஒன்றும் செய்ய அவர் விடவில்லை.

கூட்டம் சிங்களத்தில் நடக்கும். கலாராணிக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. மரக்கறிக்காரனோடு பேரம் பேசுவாள், பஸ்ஸில் மிச்சக்காசு தராத கொண்டக்டரோடு சண்டை பிடிப்பாள், கிளினிக்கில் பிள்ளையின் காய்ச்சலை டொக்டருக்கு விளங்கப்படுத்துவாள். ஆனால் சபையில் பேசுகிற சிங்களம் கோட்டும் சூட்டும் போட்டது. அதில் ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் இவளுடைய கவனம் ஜன்னலுக்கு வெளியே போய்த் திரும்பி வந்துவிடும். தமிழில் வேண்டும் என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. கேட்டால், 'அப்படியென்றால் இவ்வளவு நாளும் விளங்காமலா இருந்தீர்கள்?' என்று திருப்பிக் கேட்பார்களே என்று முதல் மாதம் கூசினாள். இரண்டாம் மாதம் கேட்க அதைவிடக் கூசியது. கேட்காமல் விட விட, கேட்பதற்கான கூச்சம் வட்டி போட்டுக்கொண்டே போனது. முழங்கை இருக்கவே இருந்தது. அதுவும் பிசகாமல் வேலை செய்தது, மார்ச் மாதக் கூட்டம் வரைக்கும்.

அந்த மாதம் மகளிர் தினமும் வந்தது. இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துத் தொண்ணூற்றைந்து வருஷம் என்று அதையும் சேர்த்துக் கொண்டாட, சபையை நடத்தும் தவிசாளர் முடிவு செய்திருந்தார். அவர் நல்ல மனிதர், விழா என்றால் உயிர். வாசலில் பலூன், மேசையில் கேக், ஒரு கமராக்காரர். பெண் உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேலையில் ஊதா ரிபன் குத்தி, "இன்றைக்கு நீங்கள்தான் முன்னால்" என்று சொல்லி, கட்சி பாராமல் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

கலாராணி உட்கார்ந்த பிறகுதான் நிலைமையை உணர்ந்தாள். அன்ஸாரின் முழங்கை இப்போது அவளுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் இருந்தது.

பக்கத்தில் மற்றக் கட்சியின் றஸ்மியா. வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறவர், வட்டாரத்தில் நின்று வென்றவர். "நல்ல சாரி கலா," என்று சொல்லிச் சிரித்தார். கலாராணியும் சிரித்தாள். கமரா மின்னியது.

முதலில் வாக்குரிமைக்குப் பாராட்டுத் தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள், அதில் சிக்கல் இல்லை. அடுத்து றஸ்மியா எழுந்து ஏதோ ஒரு பிரேரணை வாசித்தார். இரண்டு பேர் பேசினார்கள். பின்னால் அன்ஸாரின் குரலும் கேட்டது, என்ன சொன்னார் என்பது தலைக்குள் போகவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: திரும்பிப் பார்க்கலாமா? நேரே எதிரில் கமராக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஆதரவானவர்கள் கை தூக்கும்படி தவிசாளர் சொன்னார். றஸ்மியாவின் கை எழுந்தது. அதற்கு அடுத்த பெண்ணின் கையும் எழுந்தது. ரிபன் குத்திய வரிசை முழுவதும் எழும்போது தன் கை மட்டும் கீழே கிடந்தால் படத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தாளா, இதுவும் பாராட்டுத்தான் என்று நினைத்தாளா, பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. கை எழுந்துவிட்டது.

"தங்கச்சி! கைய எறக்குங்க! ஏ தங்கச்சி!" என்று பின்னாலிருந்து அன்ஸார் அடித்தொண்டையில் கத்தியது கேட்டபோது செயலாளர் எண்ணி முடித்திருந்தார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் பிரேரணை நிறைவேறியது. றஸ்மியா எட்டி அவளைக் கட்டிப்பிடித்தார். கமரா மறுபடி மின்னியது.

கேக் வெட்டும் சத்தத்துக்கு நடுவில் அன்ஸார் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"என்ன வேல செஞ்சீங்க?"

"எதுக்குன்னு தெரியாம தூக்கிட்டேங்க, ஹாஜியார்."

"அது எனக்குத் தெரியாதா? உங்கட கல்லுமலைப் பீலிக்குச் சுவர் கட்டுற விசயம். அந்தக் காச நான் மைதான ரோட்டுக்குக் கேட்டிருந்தன். இப்ப ரோடு போச்சு."

கலாராணிக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "எங்க பீலிக்கா?"

"சரி, பரவால்ல," அவர் குரலைத் தணித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தெரியாமல் பால் கொட்டிய பிள்ளையிடம் பேசுவது போலத்தான் பேசினார். "இதுக்கு வழி இருக்கு. அடுத்த கூட்டம் தொடங்கக்குள்ள இந்தக் கூட்டத்துட அறிக்கைய வாசிச்சு உறுதிப்படுத்துவாங்க. அப்ப நீங்க எழும்பி, கை தவறுதலா எழும்பிட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க. மறுபடி ஓட்டுக்கு விடுவாங்க. தவிசாளர்ட நான் பேசுறன். பொய்யா சொல்லச் சொல்றன்? உண்மையத்தானே சொல்லப் போறீங்க?"

"சொல்லலைன்னா?"

அவர் அவளுடைய ரிபனைப் பார்த்தபடி சொன்னார். "வட்டாரத்துல வெண்டவங்கள சனம் அனுப்பினது. உங்கள கட்சி அனுப்பினது. அனுப்பினவங்க திருப்பிக் கூப்பிடவும் ஏலும், தங்கச்சி."

பீலி என்பது மலை ஊற்றின் தண்ணீரைக் குழாயில் இறக்கிவிட்டு, அது விழும் இடத்தில் சீமெந்துத் தளம் போட்ட குளிக்கும் இடம். கல்லுமலையில் மூன்று லயங்களுக்கும் அது ஒன்றுதான். பெண்கள் மார்புக்கு மேல் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு அங்கேதான் குளிக்க வேண்டும். முன்பு பிரச்சினை இருக்கவில்லை, ஒரு மண்மேடு மறைத்துக்கொண்டிருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது மேட்டை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ரோட்டில் போகிற எவனும் குனிந்து பார்க்கத் தேவையில்லை, நேரே பார்த்தாலே பீலி தெரியும். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றிருந்த சட்டம் சில வருஷங்களுக்கு முன்புதான் மாறியது. மாறியதும் பெண்கள் கேட்ட முதல் காரியம் பீலிக்கு ஒரு சுவர்.

தை மாதத்தில் ஒரு நாள் வேன்காரன் ஒருவன் மேலே வண்டியை நிறுத்திப் போனைத் தூக்கிப் பிடித்தான். தளத்தில் நின்றவள் பரிமளத்தின் மகள் தினுஷா. பரிமளம் கொழுந்து பறிக்கிறவள், லயத்தில் கலாராணிக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கிறவள். பிள்ளை ஈரத்தோடு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. பொலிசுக்குப் போனபோது கூடப் போனவள் கலாராணிதான். "இத சும்மா விடமாட்டேன்க்கா. சபையில பேசுறேன்," என்று சத்தியம் செய்தாள். மறுநாளே அன்ஸாரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாப்பம் தங்கச்சி," என்றார். அதோடு தன் கடமை முடிந்த மாதிரி அவளும் திரும்பி வந்தாள். தினுஷா அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து, அம்மா காவல் நிற்க, குளித்துவிட்டு வந்துவிடும்.

கூட்டம் முடிந்த அன்று பின்னேரம் கலாராணி பஸ்ஸால் இறங்கியபோது, செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவளுடைய புருஷன் சசிக்குமார் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவில் ஏறி நின்றுகொண்டு, கமராக்காரர் பேஸ்புக்கில் போட்ட படத்தை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தான். "பாருங்க, பாருங்க. நம்ம வூட்டுல ஒல மூடியத் தூக்கச் சொன்னாலே யோசிப்பா. சபையில எப்படித் தூக்கியிருக்கா!"

பரிமளம் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். "நில்லுடி மெம்பரு. ஆலாத்தி எடுக்காம உள்ள போவாத."

"அக்கா, வேணாங்க்கா. கேளுங்க..."

"என்னா வேணாம்? கட்சிய எதுத்துக் கை தூக்குறது சும்மாவா? அந்த ஹாஜியார் மூஞ்சி எப்படிப் போயிருக்கும்!" தட்டு அவள் முகத்துக்கு முன்னால் சுற்றியது. பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்னாமோ தொண்ணூத்தஞ்சு வருசம்னு கேக் வெட்டுனாங்களாமே," என்றாள் பரிமளம். "நடுவுல நம்ம தோட்டத்து ஆளுகளுக்கு ஓட்டே கெடையாதுன்னு புடுங்கி வச்சிருந்தாங்களே, அந்த வருசத்தையும் சேத்தா எண்ணுனாங்க?"

"கேக் வெட்டுறப்ப யாருக்கா கழிச்சுப் பாப்பாங்க?" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கலாராணி வாயைத் திறந்தாள். 'தெரியாமல் தூக்கினேன்' என்பது இரண்டே சொல். வராந்தாவில் அன்ஸாரிடம் எவ்வளவு சுலபமாக வந்தது! இங்கே, ஆலாத்தித் தட்டுக்கு முன்னால், வரவில்லை. அப்போது பின்னால் நின்ற தினுஷா முன்னால் வந்து கேட்டது: "மாமி, கை தூக்குறப்ப என்னா நெனச்சீங்க?"

"உன்னையத்தான் நெனச்சேன்," என்றாள் கலாராணி.

சொல்லி முடித்த கணமே அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்கத் தோன்றியது. பிள்ளை அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டது. அதே வலது கை. கலாராணிக்கு அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து றஸ்மியா போன் எடுத்தார்.

"கலா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான். உங்கட கட்சி ஆக்கள் ஏசுறாங்கன்னு கேள்விப்பட்டேன். தைரியமா இரிங்க. உண்மையச் சொன்னா, நான் எதிர்பாக்கவே இல்ல. போன தரம் கொண்டு வந்தப்ப நீங்க எதிர்த்துத்தானே தூக்கினீங்க?"

"போன தரமா?"

"கார்த்திகையில. இதே பீலிப் பிரேரணைதானே? ஒரு கையால தோத்துப் போச்சு. உங்கட தோட்டத்து விசயத்துக்கு நீங்களே எதிர்த்துத் தூக்குறீங்களேன்னு அண்டைக்கு எனக்குச் சரியான கவல. சரி, அத விடுங்க. மனசு மாறினீங்களே, அது பெரிய விசயம்."

றஸ்மியா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கலாராணி காம்பராவின் நடுவில் நின்றபடி கார்த்திகை மாதக் கூட்டத்தை ஞாபகத்தில் தேடினாள். மழை பெய்தது ஞாபகம் இருந்தது. தேநீரோடு கொடுத்த பட்டிஸ் ஆறிப்போயிருந்தது ஞாபகம் இருந்தது. அன்ஸாரின் முழங்கை எழும்பியது, தானும் சரியாக அதே நேரத்தில் தூக்கியது, 'இன்றைக்கு ஒரு மயிரிழைகூடப் பிந்தவில்லை' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டது, அதுவும் ஞாபகம் இருந்தது.

கார்த்திகை. அதற்குப் பிறகுதான் தை. சுவர்ப் பிரேரணை அப்போதே நிறைவேறியிருந்தால் தை மாதத்துக்குள் கட்டி முடித்திருப்பார்களா? இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் கல்லும் மணலுமாவது வந்து இறங்கியிருக்கும், ஒரு தகரமாவது அடித்திருப்பார்கள். பொலிஸ் வாங்கில் அந்தப் பிள்ளையின் தோளில் எந்தக் கையைப் போட்டு உட்கார்ந்திருந்தாளோ, அந்தக் கைதான் அதைத் தடுத்த கை. அன்ஸாரிடம் போய்ப் பீலிக்குச் சுவர் வேண்டும் என்று கெஞ்சியபோது, 'போன மாதத்துக்கு முந்தின மாதம் நீதானே வேண்டாம் என்றாய்' என்று அவர் சொல்லவில்லை. மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டாரா? அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காதா? எதுவாக இருந்தாலும் அவளுக்கு உடம்பு கூசியது.

சசிக்குமார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆட்டோச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நெடுநேரம் தலையைச் சொறிந்தான்.

"கார்த்திக மாச விசயம் இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது. அன்னைக்கு யாரு படம் எடுத்தா?"

"அப்ப விட்டுடு புள்ள. இப்பத் தூக்கினது நல்லதா முடிஞ்சிருக்கு. சுவரு வரப்போவுது. நீயா போயி எதுக்கு வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிற?"

"ஹாஜியாரு தவறுதலாத் தூக்கினேன்னு சொல்லச் சொல்றாருங்க. அது உண்ம. உண்மையச் சொன்னா சுவரு போயிரும், மெம்பரு கதிர இருக்கும். வேணும்னுதான் தூக்கினேன்னு சொன்னா சுவரு நிக்கும். அது பொய்யி. கதிரயும் போயிரும்."

"பொய்யச் சொல்லிட்டுப் போ. நல்ல பொய்யி தானே?"

"அந்தப் புள்ளகிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டு நான் படுற பாடு போதாதா?"

சசிக்குமாருக்கும் கொஞ்சம் சுட்டது. பெயரைக் கேட்டு அன்ஸார் வந்தபோது, 'பேருதானே, குடுத்துடு, என்னா கெட்டுப்போவுது' என்று சொன்னவன் அவன்.

அடுத்த கூட்டம் வரும்வரை கலாராணி பீலிக்குப் போகவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து வந்து பின்பக்கம் குளித்தாள். மெம்பர் ஆனதும் பெருமை வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பரிமளமே தண்ணீர் சுமந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, "சபைக்குப் போறவ, களைச்சுப் போயிருப்ப," என்றாள். ஏச்சைத் தாங்கியிருக்கலாம், தண்ணீரைத் தாங்க முடியவில்லை.

கூட்டத்தன்று பரிமளமும் நாலைந்து பெண்களும் அன்றைய கூலி வேலைக்குப் பேர் போடாமல் லீவு எடுத்துக்கொண்டு, தினுஷாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம், பின்பக்கம் அதற்கென்று வாங்கு போட்டிருக்கும். தோட்டத்துப் பெண்கள் வந்து அதில் உட்கார்ந்ததை யாரும் அதுவரை கண்டதில்லை. "எங்க மெம்பரு கை தூக்குறத நேருல பாக்கணும்னு வந்தோம்," என்று பரிமளம் காவலாளியிடம் விளக்கம் சொன்னாள்.

பலூன்கள் போயிருந்தன. கலாராணி பழைய நாற்காலியில், அன்ஸாருக்குப் பக்கத்தில். முழங்கை மேசையில் இருந்தது.

செயலாளர் முந்திய கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார். "திருத்தம் ஏதும் உண்டா?" என்று தவிசாளர் கேட்டார். அன்ஸார் இவள் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னார்: "இப்ப."

அவள் எழுந்தாள். சபைச் சிங்களம் அவளிடம் இல்லை. மரக்கறிக்காரனோடு பேசும் சிங்களத்தில் தொடங்கி, அது தீர்ந்த இடத்தில் தமிழுக்கு மாறினாள். ஒரு உறுப்பினர் சிரித்தார். றஸ்மியா எழுந்து, "தமிழில் பேசட்டும், நான் சொல்லுகிறேன்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நின்றார்.

"போன கூட்டத்துல பீலிச் சுவருக்கு என்னோட கை எழும்புனது எனக்குத் தெரியாமத்தாங்க. என்ன விசயம்னு தெரியாமத் தூக்கிட்டேன்."

றஸ்மியா ஒரு கணம் தயங்கி அவளைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே மொழிபெயர்த்தார். அன்ஸார் திருப்தியாகத் தலையை ஆட்டினார். கலாராணி பின் வாங்கைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள், ஆனாலும் பார்த்துவிட்டாள். பரிமளத்தின் வாய் சற்றே திறந்திருந்தது. தினுஷா தலையைக் குனிந்துகொண்டது.

"ஆனா கார்த்திகையில இதே சுவரு வேணாம்னு எழும்புன கையும் தெரியாம எழும்புனதுதாங்க. அப்ப யாரும் எங்கிட்ட வந்து, தவறுதலா எழும்பிருச்சு, திருப்பி எடுப்போம்னு சொல்லல." றஸ்மியா அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை நின்றாள். "நான் இந்தச் சபைக்கு வந்ததுலேருந்து தூக்குன எல்லாமே அப்படித்தான். இவரு கையப் பாத்துத்தான் தூக்கினேன். திருப்பி எடுக்கிறதுன்னா எல்லாத்தையும் எடுங்க. இது ஒண்ண மட்டும் எடுக்கிறது நாயமில்ல."

மண்டபத்தில் சலசலப்பு. யாரோ "ஹா!" என்றார்கள். முன்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொண்டாட்டம் தெரிந்த மனிதருக்கு இதற்கு என்ன முகம் வைப்பது என்று தெரியவில்லை. செயலாளரின் காதில் ஏதோ கேட்டார். மற்றவை முடிந்த காரியம், இதை மட்டும் மறுபடி வாக்குக்கு விடலாம் என்று அறிவித்தார்.

"ஆதரவானவர்கள்?"

பக்கத்து முழங்கை மேசையில் கல் மாதிரிக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே கையைத் தூக்கினாள். எவ்வளவு உயரம் தூக்கினாள், எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று தெரியாது. றஸ்மியாதான் வந்து, "போதும் கலா, எண்ணிட்டாங்க," என்று கையைப் பிடித்து இறக்கினார். அதே ஒரு கை வித்தியாசம். சுவர் நின்றது.

அன்ஸார் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். "கட்சியில இருந்து கூப்பிடுவாங்க," என்றார். பிறகு, கோபத்தைவிட வருத்தம் கூடிய குரலில், "எல்லாருக்கும் முன்னால எண்ட கையச் சொல்லிட்டீங்களே தங்கச்சி," என்றார். அவளுக்கு அவர் மேலும் இரக்கமாக இருந்தது. அவளுடைய கண்ணை முழங்கையில் ஒட்டச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விலகவும் இல்லை. கலாராணி நேரே பரிமளத்திடம் போனாள். பரிமளம் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"கார்த்திகையிலயா?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"எம்மவ பொலிசுல அழுதப்ப பக்கத்துல ஒக்காந்திருந்தியே. அப்பத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"அதத்தான்டி என்னால தாங்க முடியல," என்றாள் பரிமளம். "தெரிஞ்சு செஞ்சிருந்தா நாலு கெட்ட வார்த்த ஏசிட்டு வேற ஆளத் தேடிக்கிட்டுப் போயிருப்பேன். நம்ம புள்ளைய நம்ம வூட்டு ஆளே பாக்காம இருந்திருக்கியே. நாங்க ஒன்னையப் பாத்துக்கிட்டு இருந்தோம். நீ யாரப் பாத்துக்கிட்டு இருந்த?"

கலாராணிக்கு மன்னிப்புக் கேட்க வந்தது. கேட்டால் பரிமளம் மன்னித்துவிடக்கூடும் என்றும் தோன்றியது. அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கப்பட்டுவிடுவதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

தினுஷா கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையிடம் போனாள். "அன்னைக்கு ஒன்னைய நெனச்சேன்னு சொன்னேன்ல. பொய்யி அது. இன்னைக்கு நெனச்சேன்."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு மறுபடி போனைப் பார்த்தது. "சரி மாமி," என்றது, பெரியவர்கள் தொல்லை செய்யும்போது பிள்ளைகள் சொல்வது போல.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். இடம் இருந்தது. ஆனாலும் கலாராணி கல்லுமலைச் சந்தி வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை.